டயர் தேர்வில் வரிசை முக்கியம்: பொருத்தம், பிடிப்பு, அதன் பிறகே ஆயுள்

மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றும் வேளை வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த டயர் அதிகக் கிலோமீட்டர் ஓடும் என்பதுதான். செலவு செய்பவருக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனாலும் நான் அதை மூன்றாம் இடத்தில்தான் வைக்கிறேன். முதலில், அந்த டயர் வண்டியின் ரிம்முக்கும் சுமைக்கும் வேகத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். அடுத்து, நான் அன்றாடம் ஓட்டும் சாலையில், குறிப்பாக அந்தச் சாலை நனைந்திருக்கும்போது, அது எப்படிப் பிடிக்கும் என்று பார்க்கிறேன். இவ்விரண்டிலும் தேறிய டயர்களுக்குள் மட்டுமே எது நீண்ட நாள் உழைக்கும் என்று ஒப்பிடுகிறேன். வரிசையைத் தலைகீழாக்கி, ஆயுளை மட்டும் பார்த்து வாங்கிய டயரை, மழையில் ஒவ்வொரு திருப்பத்திலும் பயந்து பயந்து ஓட்டிக்கொண்டு பல ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். பின் டயரின் மேல் 150 கிலோ எடை இறங்குவதாகவும், அதனுள் 33 பி.எஸ்.ஐ. காற்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது சுமார் 65 சதுர சென்டிமீட்டர். டயரின் உடல் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது துல்லியமான அளவு ஆகாது. ஆனாலும் தரையைத் தொடும் பரப்பு ஒரு உள்ளங்கை அளவுதான் என்று புரிந்துகொள்ள இது போதும். வண்டி நிற்பது, திரும்புவது, வேகமெடுப்பது, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பிரேக் பிடிப்பது ஆகிய எல்லாமே அத்தகைய இரண்டு சிறு பரப்புகளை நம்பித்தான் நடக்கின்றன.

பொருத்தத்தைப் பற்றிய எல்லாச் செய்தியும் டயரின் பக்கச் சுவரிலேயே அச்சாகியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, 100/90-17 என்று இருந்தால் டயரின் அகலம் 100 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 90 மி.மீ., ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். அதையடுத்து 55 என்ற எண்ணும் பி என்ற ஆங்கில எழுத்தும் இருக்கலாம். 55 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் அதிகபட்சம் 218 கிலோ தாங்கும் என்பதை அது சொல்கிறது. பி என்றால் 150 கி.மீ. வேகம் வரை தாங்கும். எஸ் 180, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270 என்று எழுத்துக்கு எழுத்து வேக வரம்பு உயர்கிறது. பழைய வண்டிகளில் 2.75-18, 3.00-18 என்று அகலத்தையும் அங்குலத்திலேயே குறித்திருப்பார்கள். அவற்றுக்கு இணையான மில்லிமீட்டர் அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குத்துமதிப்பாக முடிவு செய்யக் கூடாது.

வேக எழுத்தைக் கவனிப்பவர்கள்கூடச் சுமைக் குறியீட்டைக் கண்டுகொள்வதில்லை. வண்டி 190 கிலோ, ஓட்டுபவர் 80, பின்னால் அமர்பவர் 70, பெட்டிகளில் உள்ள சாமான்கள் 25 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 365 கிலோ ஆகிறது. இருவர் அமர்ந்து பின்புறம் சாமான்களும் இருக்கும்போது, அந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தின் மேல் இறங்குகிறது என்றால் அது 240 கிலோவைத் தாண்டிவிடும். 218 கிலோ தாங்கும் டயர் அந்த வண்டிக்குப் போதாது. 60, அதாவது 250 கிலோ, அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு வேண்டும். வண்டியோடு வந்த டயரின் சுமைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் குறைந்த எதையும், அது எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், நான் பொருத்துவதில்லை. உயர்ந்த குறியீடு இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. தாழ்ந்த குறியீடு இருந்தால், முழுச் சுமையோடு வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போது டயர் சூடேறி உள்ளிருந்தே சேதமடையலாம்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பின்னாலிருந்து பார்க்க வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில்தான் பொருத்தலாம் என்ற வரம்பு உண்டு. 160/60-17 டயர் 4.50 அங்குல ரிம்முக்கும், 180/55-17 டயர் 5.50 அங்குல ரிம்முக்கும் வடிவமைக்கப்பட்டவை. 180ஐ 4.50 அங்குல ரிம்மில் திணித்தால் டயரின் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, அதன் வளைவு கூம்பிப்போகும். அப்போது தரையைத் தொடும் வடிவமே மாறிவிடுவதால், அதிகமாகக் கிடைக்கும் என்று எண்ணி வாங்கிய ரப்பர் சாலையைத் தொடாமலேயே நிற்கும். ரிம் சரியாகவே அமைந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அகலம் கூடும்போது, அதே வேகத்தில் அதே வளைவில் திரும்ப வண்டியை இன்னும் சற்று அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். ஏனென்றால், சாயும்போது தரையைத் தொடும் இடம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போகிறது. முன் டயரை அகலமாக்கினால் ஹேண்டில்பாரைத் திருப்பும் உணர்வு கனத்துப்போவதையும் பலர் உணர்ந்திருப்பார்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100/90-17 டயரின் மொத்த விட்டம், 17 அங்குலத்துக்குரிய 432 மி.மீ.யுடன் இரு பக்கச் சுவர்களின் 180 மி.மீ. சேர்த்து, 612 மி.மீ. வருகிறது. அதற்குப் பதிலாக 120/80-17 போட்டால் விட்டம் 624 மி.மீ. ஆகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது வண்டியின் பின்புறத்தை 6 மி.மீ. தூக்கி, கியர் விகிதத்தை இரண்டு விழுக்காடு மாற்றி, மட்கார்டுக்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் கரமான ஸ்விங் ஆர்முக்கும், செயினுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுகிறது. நிற்கும்போது உரசாத டயர், முழுச் சுமையில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது உரசலாம். வேகத்தில் டயர் சற்று விரிவதும் உண்டு. ஆகவே, வண்டித் தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த அளவிலேயே, அல்லது அவர் மாற்றாக அனுமதித்த அளவிலேயே வாங்குவதுதான் என் வழக்கம்.

டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா என்பதை ரிம்தான் தீர்மானிக்கிறது. டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில், காற்று குறைந்தாலும் டயரின் விளிம்பு எளிதில் நழுவாதபடி ஒரு மேடு இருக்கும். காற்று கசிய வழியும் இருக்காது. சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்கின் துளையும் கசிவுக்கு வழிதான் என்பதால் அங்கே டியூப் தேவை. ஆணி குத்தினால் டியூப்லெஸ் டயரில் காற்று பெரும்பாலும் மெல்ல இறங்கும்; டியூப் கிழிந்தாலோ நொடியில் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ரிம் இடம் கொடுக்கும் வண்டிகளில் டியூப்லெஸ்ஸைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

ரேடியல், பயாஸ் என்ற வேறுபாடு டயரின் உள்ளே இழைகள் ஓடும் திசையைப் பற்றியது. பயாஸ் டயரில் இழை அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காகச் சாய்ந்து வெட்டிச் செல்கின்றன. அதனால் பக்கச் சுவர் விறைப்பாகவும் சுமை தாங்கக்கூடியதாகவும் இருக்கும், ஆனால் வளையும்போது அடுக்குகள் உரசிச் சூடு அதிகம் பிறக்கும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓட, அவற்றின் மேல் ஒரு பட்டை சுற்றி வருகிறது. பக்கச் சுவர் நெகிழ்ந்துகொடுக்கும், தரையைத் தொடும் பகுதி வடிவம் குலையாமல் இருக்கும், சூடும் குறைவு. சூடு குறைவதால் அதே ஆயுளுக்கு இன்னும் மென்மையான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. நீண்ட நேரம் அதிக வேகத்தில் ஓடும் வண்டிக்கு ரேடியல் ஏற்றது. சிறிய எஞ்சின் உள்ள, நகருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு நல்ல பயாஸ் டயரே தாராளமாகப் போதும். முன்னே ரேடியலும் பின்னே பயாஸும் சேர்க்கக் கூடாது. வேறு எந்தக் கலப்பாக இருந்தாலும் வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

அடுத்தது பிடிப்பு. ரப்பர் சாலையை இரண்டு வகையில் பிடிக்கிறது. சாலையின் மேற்பரப்பில் உள்ள பொடிக் கற்களின் மேடு பள்ளங்களில் அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடாமல், அவற்றைக் கவ்விக்கொள்வது ஒன்று. மூலக்கூறு அளவில் பரப்போடு ஒட்டிக்கொள்வது மற்றொன்று. உலர்ந்த சாலையில் இரண்டும் வேலை செய்கின்றன. நனைந்த சாலையில் மெல்லிய நீர்ப்படலம் இரண்டாவதைத் துண்டித்துவிட, முதலாவது மட்டுமே கைகொடுக்கிறது. அதனால்தான் கல் போன்ற கடின ரப்பர் வெயிலில் குறை சொல்ல முடியாதபடி ஓடி, மழை வந்ததும் வேறு டயர்போல நடந்துகொள்கிறது. ரப்பர் கலவையில் கரிப்பொடியோடு சிலிக்கா சேர்ப்பது இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. குளிர்ந்த, ஈரமான சாலையிலும் ரப்பர் நெகிழ்ந்து வேலை செய்ய அது உதவுகிறது. இரு டயர்களுக்கு இடையே தயங்கும்போது, சிலிக்கா கலந்த கலவை எது என்று விசாரிப்பது பயனுள்ள கேள்வி.

தார்ச் சாலையில் டயரின் பள்ளங்களுக்கு உள்ள முக்கிய வேலை நீரை வெளியேற்றுவதுதான். உலர்ந்த பந்தயப் பாதையில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயரில்தான் பந்தய வீரர்கள் ஓட்டுகிறார்கள். ஆகவே பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே உயர்ந்து நிற்கும் ரப்பர்த் துண்டு, பெரிதாகவும் ஆழமாகவும் இருந்தால் தார்ச் சாலையில் பிடிப்பு கூடும் என்று எண்ணுவது சரியாகாது. உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போதும் சாயும்போதும் அசைந்துகொடுக்கும். அந்த அசைவில் பிடிப்பின் துல்லியம் குறைவதோடு, சூடேறித் தேய்மானமும் கூடும். மண்ணிலும் சேற்றிலும் அதே பட்டன்கள் இன்றியமையாதவை. ஆண்டில் சில முறை மட்டுமே மண் பாதையில் இறங்கும் ஒருவர், அதற்காக மீதி நாள் முழுவதும் மண் பாதை டயரில் தார்ச் சாலையைக் கடப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவருக்குப் பெரும்பகுதி தார்ச் சாலைக்கென்று வடிவமைத்த கலப்பு வகை டயர் போதும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, சிந்திய எண்ணெய் ஆகியவற்றின் மேல் எந்தப் பள்ளமும் உதவாது. அங்கே கலவையின் தரமும் ஓட்டுபவரின் நிதானமும்தான் காப்பாற்ற வேண்டும்.

பந்தய வகை மென்மையான டயர்களைச் சாலை வண்டிக்கு வாங்குவதையும் நான் ஏற்பதில்லை. அவை நன்றாகச் சூடேறிய பிறகு பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வரும் ஓட்டத்தில் அந்தச் சூட்டை அவை எட்டுவதே இல்லை. நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்யப்படும் டயர் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கத் தொடங்குவதால், சாதாரணச் சாலையில் அதுவே அதிகப் பிடிப்பு தரும். ஆயுளும் கூடுதல் என்பது அதன் மேல் கிடைக்கும் ஆதாயம்.

பிடிப்பும் ஆயுளும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு குணங்கள். மென்மையான ரப்பர் பிடிக்கும், ஆனால் விரைவில் கரையும். இந்த இழுபறிக்கு இரட்டைக் கலவை டயர் ஒரு நல்ல தீர்வு. நேர்ச் சாலையில் தேயும் நடுப்பகுதியில் கடினமான கலவையும், சாயும்போது மட்டும் தரையைத் தொடும் ஓரங்களில் மென்மையான கலவையும் அதில் இருக்கும். நீண்ட நேர்ச் சாலைகளில் ஓட்டுபவர்களின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிடுவது வழக்கம். அப்படித் தட்டையான டயரில் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று விழுவதுபோலச் சாயும். பள்ளம் இன்னும் மிஞ்சியிருந்தாலும் அந்த டயரின் நல்ல காலம் முடிந்துவிட்டது. இரட்டைக் கலவை அந்த நிலையைத் தள்ளிப்போடுகிறது என்பதால், நேர்ச் சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு, குறிப்பாகப் பின் சக்கரத்துக்கு, அதற்காகக் கூடுதலாகச் செலவிடுவது தகும்.

ஆயுளை ஒப்பிட நம்பத்தகுந்த பொது எண் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கார் டயர்களின் பக்கச் சுவரில் தேய்மானத்துக்கென்று ஒரு தர எண் அச்சிடப்படுகிறது. மோட்டார் சைக்கிள் டயர்களுக்கு அந்த முறை பொருந்தாது. ஆகவே ஒரு டயர் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று யாராவது சொன்னால், எந்த வண்டியில், எவ்வளவு சுமையோடு, எத்தகைய சாலையில் என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிட நல்ல சாட்சி, நீங்கள் கழற்றப்போகும் பழைய டயர். அது நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் நேர்ச் சாலை ஓட்டமோ அதிகக் காற்றோ காரணமாக இருக்கலாம். இரு ஓரங்களும் நடுவைவிட அதிகம் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கலாம். முன் டயரின் பட்டன்கள் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் கடுமையான பிரேக், தளர்ந்த சஸ்பென்ஷன், காற்றுக் குறைவு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் அதே வகையில்தான் தேயும்.

காற்றழுத்தத்தைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது என்று கருதுகிறேன். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து, சூடேறி, ஓரங்களில் தேய்ந்து, எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். காற்று அதிகமான டயரில் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி நடுப்பகுதி தேயும். பின்பற்ற வேண்டிய எண் வண்டியின் கையேட்டிலோ, செயின் உறையின் மேலோ, ஸ்விங் ஆர்மின் மேலோ ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சாகியிருப்பது அதிகபட்சச் சுமைக்குரிய அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு. வண்டி சில மணி நேரமாவது நின்று டயர் குளிர்ந்த பிறகே அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டுவதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால், ஆறிய பிறகு அது குறைந்துதான் இருக்கும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின் டயருக்கு வேறு அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பின்பற்றுபவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. சிறிய அழுத்தமானி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அளப்பது, விலை உயர்ந்த டயர் வாங்குவதைவிட ஆயுளை அதிகம் நீட்டிக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கும்போது டயரின் வயதையும் பார்த்துவிட வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கிடக்கும் டயரும் ஆக்சிஜனாலும் ஓசோனாலும் மெல்ல இறுகுகிறது. ஐந்து ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் வல்லுநரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும், செய்யப்பட்டுப் பத்து ஆண்டு கடந்தால் பட்டன் மிஞ்சியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் முன்னணித் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். குறைவாக ஓட்டுபவர்கள் நீண்ட ஆயுள் டயரைத் தேடுவதில் அதனால்தான் பொருளில்லை. பட்டன் தேய்வதற்கு முன்பே அவர்களுடைய டயர் முதுமை அடைந்துவிடும் என்பதால், மென்மையான, நன்றாகப் பிடிக்கும் டயரையே அவர்கள் வாங்கலாம்.

பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பல ஐரோப்பிய நாடுகளில் 1.6 மி.மீ., பிரிட்டனில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு 1 மி.மீ. மழைக்காலம் நெருங்கும்போது 2 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தால் நான் அந்த எல்லை வரை காத்திருப்பதில்லை, ஏனென்றால் ஆழம் குறையக் குறைய நீரை வெளியேற்றும் ஆற்றலும் அதோடு குறைகிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். வண்ணப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிக்கும். அதை வால்வுக்கு நேராக வைத்து, பிறகு சக்கரத்தைச் சமன்படுத்தச் சொல்ல வேண்டும். டியூப்லெஸ் சக்கரமானால் வால்வையும் புதிதாக மாற்றுவது நல்லது. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் முதல் 150 கிலோமீட்டருக்குச் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டி, திடீர் பிரேக்கையும் திடீர் வேகத்தையும் தவிர்த்து ஓட்ட வேண்டும். பழைய மொட்டை டயரில் பழகிய கைக்குப் புது டயரின் உருண்ட வளைவில் வண்டி எதிர்பார்த்ததைவிட எளிதாகச் சாய்வது தெரியும் என்பதால், அந்த நிதானம் ஓட்டுபவருக்கும் தேவைப்படுகிறது. மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், இரண்டு டயர்களிலும் காற்றை ஒருமுறை அளந்து பாருங்கள். பொருத்தியதில் எங்காவது கசிவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.